வேப்பமரத்துக்கு எவ்வளவு இடம்?

அன்புள்ள கயல்,

"வீடு கட்டும்போது வேப்பமரத்தைத் தொடவே மாட்டோம்" என்று மேஸ்திரி உறுதி சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் மரம் என்பது தரைக்கு மேலே நிற்பது மட்டும்தான்.

ஆணிவேர் பாதாளம்வரை போகும் என்று நமக்கெல்லாம் ஒரு நினைப்பு. சில வேர்கள் ஆழம் போகலாம். ஆனால் வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டடிக்குள்ளேயே இருக்கும். தண்ணீர் உறிஞ்சும் சல்லிவேர்கள் இன்னும் மேலே. வேருக்கும் காற்று வேண்டுமே! பக்கவாட்டில் அவை கிளைநுனியையும் தாண்டி ஓடும். அதனால் நிழல் விழும் இடத்தை மட்டும் விட்டால் போதாது.

பிரிட்டனின் பி.எஸ். 5837 தரநிலை, ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதைப்போல் 12 மடங்கு ஆரத்துக்கு வட்டம் போடச் சொல்கிறது. உனக்கு ஒரு கயிறு போதும். அதே உயரத்தில் மரத்தைச் சுற்றி அளந்து, நான்கால் பெருக்கு. ஆறடிச் சுற்றளவு என்றால் 24 அடி ஆரம். அப்பா முகம் சுளிப்பார். நம் மனைகளில் அவ்வளவு இடம் ஏது? வீட்டுப் பக்கம் குறைந்தால் தோட்டத்துப் பக்கம் கூட்டி விடச் சொல்.

அந்த வட்டத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பு நட்டு வேலி கட்டுவது ஜேசிபி வருவதற்கு முன்பே நடக்க வேண்டும். ஈரமண்ணில் அது சிலமுறை போய்வந்தாலே மண் இறுகி, காற்றும் நீரும் இறங்காது. வேலி இல்லாவிட்டால், நிழல் இருக்கிறதே என்று ஜல்லி, எம்சாண்ட் எல்லாம் மரத்தடியில்தான் கொட்டுவார்கள். கலவைச் சட்டி கழுவிய தண்ணீரும் அங்கேதான் போகும். சிமெண்ட் தண்ணீர் காரமானது, வேருக்கு ஆகாது. தோண்டிய மண்ணை அங்கே பரப்பி மேடாக்குவதும் வேரை மூச்சுத்திணற வைக்கும்.

காம்பவுண்ட் சுவருக்கு நீளமாக வானம் தோண்ட விடாதே. பில்லர் குழிகளைக் கையால் எடுத்து, தரைமட்டத்துக்கு மேல் பீம் போட்டுச் சுவர் எழுப்பலாம். தடித்த வேர் குறுக்கிட்டால் குழி நகரட்டும். குழாயை வேருக்கு அடியில் நுழைக்கலாம். வெட்டியே தீரவேண்டிய சின்ன வேரை ரம்பத்தால் சீராக அறுத்து, உடனே மண் மூடச் சொல். ஜேசிபி பிய்த்த வேர் அழுகும்.

இத்தனை கெடுபிடி ஏன் என்றால், வேர் அறுந்த மரம் உடனே வாடாது. இரண்டு, மூன்று வருஷம் கழித்து நுனிக்கிளைகள் காயும்போது பூச்சியைக் குறை சொல்வோம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தபோது காற்றின் வேகத்தைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். நடைபாதைக்கும் வடிகாலுக்கும் வேரை இழந்த மரத்துக்குப் பிடிமானம் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

கான்ட்ராக்டரிடம் வாய்ப்பேச்சு வேண்டாம். வேலி விஷயத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல். பூமிபூஜை என்றைக்கு? அதற்கு முந்தைய ஞாயிறு வருகிறேன். கயிறும் கம்பும் வாங்கி வை.

அன்புடன்,
மாமா