பொது விடுமுறைக்கு உரிய நாள் எது?

நம் நாட்டில் பொது விடுமுறை, 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பெறுகின்றது. காசோலைக்கும் உறுதிமொழிச் சீட்டுக்கும் வகுத்த சட்டம் பெருநாள்களையும் சுமப்பது வியப்பே!

எந்நாள் இதற்குத் தகும்? பணியினின்று விடுபட்டாலன்றி நிறைவேற்ற இயலாத நாளே தகும் என்பது எம் கருத்து. பெருநாள் தொழுகைக்கும் பொங்கலிடுதற்கும் ஓய்வு வேண்டும். 1923இல் சிங்காரவேலர் சென்னையில் கொண்டாடிய மே நாளோ உழைப்போர் உரிமை நாள். அதற்கும் ஓய்வே பொருத்தம். தலைவர்தம் பிறந்தநாள்கள் அத்தகையன அல்ல. காமராசர் பிறந்த சூலை 15, கல்வி வளர்ச்சி நாளாகப் பள்ளிகளிலேயே கொண்டாடப்பெறுகின்றது. பள்ளிகளைத் திறந்தவர்க்குப் பள்ளியை அடைத்தா நன்றி கூறுவது?

இன்னொன்றும் எண்ணத்தக்கது. தொழில் நிறுவனங்களுக்கான 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டு விடுமுறைச் சட்டம் ஊதியத்துடன் ஓய்வளிக்கின்றது. அன்றாடக் கூலிக்குச் செல்லும் சித்தாளுக்கோ, வேலையில்லா நாள் அடுப்பெரியா நாள்.