கல்லைப் படித்த கடம்பி மீனாட்சி

சின்ன காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வருவோர் நூற்றுக்கால் மண்டபத்தின் கற்சங்கிலியைக் கண்டு வியப்பர். பட்டுக் கடைகளில் சேலை எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவர். அங்கிருந்து வடமேற்கே, பெரிய காஞ்சிபுரத்துப் பக்கம், வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. அவ்வளவு தூரம் செல்வோர் குறைவு. அக்கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவர்களில் பல்லவர் குலத்தின் கதை வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. அச்சுவர்களை ஒரு நூலைப் புரட்டுவதுபோல் ஆராய்ந்து விளக்கியவர் வரலாற்றறிஞர் கடம்பி மீனாட்சி.

1905ஆம் ஆண்டு சென்னையில் பிறந்த இவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். காஞ்சிபுரம், மாமல்லபுரம் முதலிய ஊர்களின் கோயில்களைக் காண்பதில் சிறுவயது முதலே இவருக்கு ஈடுபாடு மிகுதி. 1929இல் மகளிர் கிறித்தவக் கல்லூரியில் வரலாற்றில் இளங்கலைப் பட்டம் பெற்றார். முதுகலை பயிலச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியை நாடியபோது, பெண் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. அக்கல்லூரியில் பணியாற்றிய அவருடைய சகோதரர் இலட்சுமிநாராயணன் தாமே பொறுப்பேற்பதாகக் கூறிய பின்னரே இடம் கிடைத்தது. தகுதி இருந்தும் பிணை ஒன்று தேவைப்பட்ட காலம் அது! 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் என்னும் சிறப்பை அடைந்தார். பல்லவர் கால ஆட்சிமுறையையும் சமூக வாழ்வையும் பற்றிய அவ்வாய்வேடு 1938இல் ஆங்கில நூலாக வெளிவந்தது.

காஞ்சியைப் பற்றி 7ஆம் நூற்றாண்டிலேயே சீனத் துறவி யுவான் சுவாங் குறிப்பெழுதி வைத்தார். ஆனால் அந்நகரை ஆண்டவர்கள் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொண்டது என்ன? அதற்குரிய விடை வைகுண்டப் பெருமாள் கோயிலில் உள்ளது. 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எடுப்பித்த கோயில் அது. பிரமனில் தொடங்கி, பரத்துவாசர், துரோணர், அசுவத்தாமன், பல்லவன் எனக் குலமுறை இறங்கி வருகிறது. முடிசூட்டு விழா, போர், தூதுவர் வருகை எனக் காட்சிகள் நீள்கின்றன. எல்லாச் சிற்பங்களுக்கும் கல்வெட்டு விளக்கம் இல்லை. நந்திவர்மன் அரியணை ஏறிய பகுதிக்கே உண்டு. எஞ்சியவற்றை, முன்பின் காட்சிகளையும் செப்பேடுகள் தரும் மன்னர் வரிசையையும் ஒப்பிட்டே அடையாளம் காண வேண்டியிருந்தது. பொறுமையைச் சோதிக்கும் பணி இது.

கல்வெட்டு கூறும் செய்தி சுவையானது. இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின் நாடு தலைவனின்றித் தவித்தது. கடிகையாரும் மூலப்பிரகிருதியாரும், அதாவது கல்விச் சான்றோரும் குடிகளும், இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனை வேண்டினர். அவன் மைந்தர் நால்வருள் மூவர் மறுத்தனர். பன்னிரண்டு வயதுச் சிறுவனான பல்லவமல்லன் மட்டும் இசைந்தான். அவனே இரண்டாம் நந்திவர்மன். ஏறத்தாழ 65 ஆண்டுகள் ஆண்டான்.

இது வென்றவன் தன் கோயிலில் சொன்ன கதை என்பதை மறத்தல் கூடாது. அவனே வழங்கிய உதயேந்திரம் செப்பேட்டில் வேறொரு காட்சி தெரிகிறது. நந்திபுரத்தில் அவன் முற்றுகையிடப்பட்டான். படைத்தலைவன் உதயசந்திரன் அவனை மீட்டான். சித்திரமாயன் என்னும் பல்லவன் கொல்லப்பட்டான். எல்லோரும் ஒருமனதாக வரவேற்ற அரசனுக்கு இத்தனை பகை எங்கிருந்து வந்தது? சுவரையும் செப்பேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் இவ்வினா எழும்.

முனைவர் பட்டம் பெற்றும் மீனாட்சிக்குத் தகுந்த பணி எளிதில் அமையவில்லை. 1939இல் மைசூர் திவான் மிர்சா இசுமாயிலின் முயற்சியால் பெங்களூரு மகாராணி கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆனார். அப்பணியில் ஓராண்டு நிறையும் முன்னரே, 1940 மார்ச்சில், தம் 34ஆம் வயதில் காலமானார். வைகுண்டப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பற்றிய அவர் நூலை இந்தியத் தொல்லியல் துறை 1941இல் வெளியிட்டது. அச்சான அந்நூலை அவர் காணவில்லை. மணற்கல் என்பதால் அச்சிற்பங்கள் மழையிலும் காற்றிலும் தேய்ந்து வருகின்றன. முகம் அழிந்த உருவங்களுக்கு முன் நிற்கும் ஆய்வாளர், இன்றும் அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டுதான் காட்சிகளை எண்ணத் தொடங்குகிறார்.

கற்பவை கற்றபின்…

உங்கள் ஊர்க் கோயிலில் பெயர் குறிக்கப்படாத சிற்பம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதில் கண்ணால் காண்பவற்றை ஒரு பத்தியிலும், அதைக் கொண்டு ஊகிப்பவற்றை மற்றொரு பத்தியிலும் எழுதி வகுப்பறையில் படித்துக்காட்டுக.