எக்ஸெல் பழகுவோம்: புல் வெட்டும் வண்டிக்கு எத்தனை அங்குல டெக்?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் ஒரு முறை எக்ஸெல்லைத் திறந்து பார்த்திருப்போம். கட்டம் கட்டமாக ஒரு திரை வரும். பால் கணக்கு, மளிகைக் கணக்கு என்று இரண்டு நாள் எழுதுவோம். மூன்றாம் நாள் மூடி வைத்துவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். இந்தக் கட்டங்கள் எதற்கு என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு புல் வெட்டும் வண்டி. அந்தக் கணக்கையே இந்த மாதப் பாடமாகத் தருகிறேன். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமிலும் இதைச் செய்யலாம்.

என் மகள் குடும்பம் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு வெளியே இருக்கிறது. கோடையில் அங்கே போய்த் தங்கியிருந்தேன். புது வீடு, ஒரு ஏக்கர் மனை, வீட்டைச் சுற்றிலும் புல். ஏப்ரலில் இருந்து அக்டோபர் வரை வாரம் ஒரு முறை வெட்டியாக வேண்டும். மாப்பிள்ளை ஜீரோ டர்ன் வண்டி வாங்குவது என்று முடிவு செய்திருந்தார்.

நம் ஊரில் இதை அதிகம் பார்த்திருக்க மாட்டீர்கள். ஸ்டீயரிங்குக்குப் பதிலாக இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று இடது பின்சக்கரத்துக்கு, மற்றது வலது பின்சக்கரத்துக்கு. இரண்டையும் முன்னால் தள்ளினால் வண்டி நேரே போகும். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்தால் நின்ற இடத்திலேயே பம்பரம் போல் சுற்றும். மரங்களைச் சுற்றி வெட்டவும், ஓரத்தில் போய்த் திரும்பவும் நேரம் வீணாகாது. வண்டிக்கு அடியில் பிளேடுகள் சுழலும் இரும்புக் கூட்டின் பெயர்தான் டெக். அதன் அகலம்தான் ஒரு முறை போனால் வெட்டும் அகலம். 42, 48, 54, 60 அங்குலம் என்று பல அளவுகளில் கிடைக்கிறது. (இந்த வண்டிகளை ஹஸ்ட்லர் என்ற பெயரில் பல ஆண்டுகள் தயாரித்த கான்சாஸ் மாநிலத்து நிறுவனத்தின் பெயர் எக்செல் இண்டஸ்ட்ரீஸ்! நம் எக்ஸெல்லுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.)

கடைக்காரர் 60 அங்குலத்தைக் காட்டியிருக்கிறார். "பெரிசா வாங்கினா சீக்கிரம் முடிஞ்சிடும் மாமா. 2,100 டாலர்தான் கூடுதல்" என்றார் மாப்பிள்ளை. எவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன். பதில் இல்லை. லேப்டாப்பை எடுத்து வரச் சொன்னேன்.

முதலில் ஒரு பார்முலா. வண்டியின் வேகத்தை மைலிலும் டெக்கின் அகலத்தை அங்குலத்திலும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி 99 ஆல் வகுத்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை ஏக்கர் என்பது வரும். 99 எங்கிருந்து வந்தது? ஒரு மைலுக்கு 5,280 அடி. அகலத்தை அடியாக்க 12 ஆல் வகுக்கிறோம். 5,280 ஐ 12 ஆல் வகுத்தால் 440. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. அதை 440 ஆல் வகுத்துப் பாருங்கள், மிச்சமில்லாமல் 99 வரும். ஆனால் திரும்புவதிலும், விட்டுப் போகாமல் இருக்க முன்பு வெட்டிய இடத்தின் மேலேயே சற்று ஏற்றி ஓட்டுவதிலும் கொஞ்சம் வீணாகும். அதற்காக 80 சதவீதம்தான் கணக்கு என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

இப்போது புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். ஏ நெட்டு வரிசையில் விவரம், பி நெட்டு வரிசையில் எண். பி2 செல்லில் மொத்த மனை 43560. பி3 செல்லில் வீடு, கார் வரும் பாதை, செடிப் பாத்திகள் எல்லாம் சேர்த்து 11560. பி4 செல்லுக்கு வந்து = அடையாளத்தை டைப் செய்யுங்கள். மவுஸால் பி2 வில் கிளிக் செய்து, - அடையாளம் போட்டு, பி3 யில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 32000 என்று வரும். செல்லின் பெயரை டைப் செய்யத் தேவையே இல்லை. கிளிக் செய்தால் எக்ஸெல் தானே எழுதிக்கொள்ளும். புதியவர்களுக்கு இதுதான் பிழை வராத வழி. பி5 செல்லில் = போட்டு, பி4 இல் கிளிக் செய்து, /43560 என்று அடித்து என்டர் தட்டினால் 0.73 ஏக்கர்.

பி6 வேகம். கடைத் தாளில் 7 மைல் என்று போட்டிருந்தார்கள். அது வெறுமனே ஓடும் வேகம். பக்கத்து வீட்டுக்காரர் இதே போன்ற வண்டியில் வெட்டும்போது நான் கடிகாரத்தைப் பார்த்தேன். 220 அடி போக 30 வினாடி ஆனது. அது மணிக்கு 5 மைல். அதையே போட்டேன். பி7 செல்லில் 80% என்று சதவீத அடையாளத்துடன் டைப் செய்யுங்கள். பி8 செல்லில் ஆண்டுக்கு எத்தனை முறை வெட்டுவது என்பது. 28 போட்டோம்.

பத்தாவது படுக்கை வரிசையில் தலைப்புகள்: டெக், ஏக்கர், நிமிடம். ஏ11 முதல் ஏ14 வரை 42, 48, 54, 60. பி11 செல்லில் = போட்டு, ஏ11 இல் கிளிக், * அடையாளம், பி6 இல் கிளிக், * அடையாளம், பி7 இல் கிளிக், பிறகு /99 என்று முடித்து என்டர் தட்டினேன். 1.70 வந்தது. செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். பில் ஹேண்டில் என்பார்கள். அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற மூன்று அளவுகளுக்கும் பார்முலா காப்பி ஆகிவிடும் என்று மாப்பிள்ளையிடம் பெருமையாகச் சொல்லி இழுத்தேன்.

48 அங்குலத்துக்கு 10.86 ஏக்கர் என்று வந்தது. 54 க்கு பூஜ்யம். 60 க்கு எண்ணே இல்லை, வேல்யூ என்று ஒரு பிழைச் செய்தி. மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

நடந்தது இதுதான். பார்முலாவைக் கீழே இழுக்கும்போது எக்ஸெல் அதிலுள்ள எல்லா செல்களையும் ஒரு படி கீழே தள்ளிவிடும். ஏ11 ஏ12 ஆவது நமக்கு வேண்டியதுதான். ஆனால் பி6 பி7 ஆகவும், பி7 பி8 ஆகவும் மாறிவிட்டன. வேகம் இருக்க வேண்டிய இடத்தில் 80 சதவீதமும், 80 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 28 உம் வந்து உட்கார்ந்துகொண்டன. 54 இல் காலி செல் வந்ததால் பூஜ்யம். 60 இல் தலைப்பு எழுத்தைப் பெருக்கச் சொன்னதால் பிழைச் செய்தி. நகரக்கூடாத செல்லுக்கு ஆணி அடிக்க வேண்டும். அந்த ஆணிதான் $ அடையாளம். பார்முலா எழுதும்போது பி6 இல் கிளிக் செய்தவுடன் கீ போர்டில் எஃப்4 கீயை ஒரு முறை தட்டுங்கள். எழுத்துக்கு முன்னும் எண்ணுக்கு முன்னும் $ வந்துவிடும். பி7 க்கும் அப்படியே. (சில லேப்டாப்களில் எஃப்என் கீயையும் சேர்த்து அழுத்த வேண்டும்.) இப்போது இழுத்துப் பாருங்கள். 1.70, 1.94, 2.18, 2.42.

சி11 செல்லில் = போட்டு, பி5 இல் கிளிக் செய்து எஃப்4, / அடையாளம், பி11 இல் கிளிக், *60. இதுதான் ஒரு முறை வெட்ட ஆகும் நிமிடம். இழுத்தால் 26.0, 22.7, 20.2, 18.2.

மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. 42 க்கும் 60 க்கும் வித்தியாசம் எட்டு நிமிடம்கூட இல்லை. "இருந்தாலும் வருஷத்துக்குக் கணக்குப் பண்ணுங்க மாமா" என்றார். நியாயம்தான். 28 ஆல் பெருக்கினால் சுமார் மூன்றரை மணி நேரம். ஒரு பருவம் முழுவதற்கும் அவ்வளவுதான்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட அவர் 60 ஐ வாங்கியிருப்பார். மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனோம்.

பின்பக்கம் நிலம் ஓர் ஓடையை நோக்கிச் சரிகிறது. மகள் அந்த இடத்தைப் பற்றித்தான் பயந்துகொண்டிருந்தாள். பத்து அடிக் கயிற்றின் ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் பிடித்து, ரசமட்டம் வைத்து நேராக்கி, மறு முனையிலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தோம். 3 அடி. ஒரு செல்லில் =3/10 என்று அடித்து, மேலே உள்ள % பட்டனைத் தட்டினால் 30%. இது 30 டிகிரி அல்ல, கவனம். 45 டிகிரி சரிவுதான் 100 சதவீதம். ஜீரோ டர்ன் வண்டிகளின் கையேடுகளில் பெரும்பாலும் 15 டிகிரிக்கு மேல் ஓட்டாதே என்று போட்டிருப்பார்கள். சதவீதத்தில் அது 26.8. சில மாடல்களுக்கு 10 டிகிரிதான், அதாவது 17.6 சதவீதம். எங்கள் சரிவு இரண்டையும் தாண்டியது.

இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வண்டியின் முன்சக்கரங்கள் ஆபீஸ் நாற்காலியின் உருளை மாதிரி, தானாகத் திரும்புபவை. ஓட்டுவது, திருப்புவது, நிறுத்துவது மூன்றும் பின்சக்கரங்களின் வேலை. ஈரப் புல்லில் அவை பிடி விட்டால் கையில் ஒன்றுமில்லை. வண்டி தன் போக்கில் கீழே வழுக்கும். அமெரிக்காவில் ஆட்கள் வண்டியோடு கவிழ்ந்து இறந்த விபத்துகள் நடந்திருக்கின்றன. கவிழ்ந்தால் காப்பாற்ற சீட்டின் பின்னால் வளைவுக் கம்பி உள்ள மாடல்கள் உண்டு. கம்பி நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போட வேண்டும். கம்பியை மடக்கியிருந்தால் போடக் கூடாது. எங்கள் சரிவை அப்படியே விட்டுவிட்டுக் கையில் பிடிக்கும் நரம்பு மெஷினால் வெட்டுவது என்று முடிவானது. சரிவு 2,000 சதுர அடி. பி3 இல் 11560 ஐ 13560 ஆக்கினேன். வேறு எதையும் தொடவில்லை. அட்டவணை முழுவதும் தானே மாறி 24.4, 21.3, 18.9, 17.0 என்று நின்றது.

திரும்பி வரும்போதுதான் கேட். பின்பக்கப் புல்வெளிக்கு மர வேலி போட்டிருக்கிறது. உள்ளே போக ஒரே வழி. அளந்தால் சரியாக 48 அங்குலம். 60 உம் 54 உம் நுழையவே நுழையாது. 48 அங்குல டெக்கும் நுழையாது, ஏனென்றால் வண்டியின் மொத்த அகலம் டெக்கின் எண்ணைவிடக் கூடுதல். பக்கவாட்டில் புல்லை வெளியே தள்ளும் வாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். 42 கூட அந்த வாயை மேலே மடக்கினால்தான் நுழையும். நாங்கள் பார்த்த மாடலில் மடக்கிய பின் 45 அங்குலம். (மடக்கும் முன் பிளேடை நிறுத்துங்கள். உள்ளே போனதும் இறக்கிவிட்ட பிறகே ஓட்டுங்கள். வாயை மடக்கி வைத்து வெட்டினால் கல் தெறிக்கும்.)

"கேட்டைப் பெரிசாக்கிடலாம் மாமா." ஒரு பக்கம் ஏசி பெட்டி, மறுபக்கம் கான்கிரீட்டில் நட்ட தூண். ஆக்க முடியாது.

அப்படியானால் 60 வாங்கினால் பின்பக்கம் 9,000 சதுர அடியைப் பழைய 21 அங்குலத் தள்ளு மெஷினால், மணிக்கு 3 மைல் நடந்து வெட்ட வேண்டும். ஒரு காலி செல்லில் இதை அப்படியே அடியுங்கள்:

=9000/43560/(21*3*80%/99)*60

24.4 நிமிடம். முன்பக்கம் 21,000 சதுர அடிக்கு:

=21000/43560/(60*5*80%/99)*60

11.9 நிமிடம். இரண்டும் சேர்த்து 36 நிமிடத்துக்கு மேல். 42 வாங்கினால் மொத்த இடத்துக்கும் 24.4. முதலில் தவறான செல்லைப் பார்க்கிறேனோ என்று சந்தேகப்பட்டேன். இல்லை. பின்பக்கத்தை மட்டும் தள்ளி வெட்டும் நேரமும், 42 இல் உட்கார்ந்து எல்லாவற்றையும் வெட்டும் நேரமும் அச்சாக ஒன்று. 2,100 டாலர் அதிகம் கொடுத்து வாரம் 12 நிமிடம் கூடுதலாக வேலை செய்யவிருந்தார் என் மாப்பிள்ளை.

42 அங்குலமே வாங்கினார். மேடு பள்ளமான தரையில் அகலமான டெக் மேட்டின் தலையை மொட்டையடித்துவிடும் என்பதால், பின்பக்கத்துக்கும் அது நல்லதுதான். முதல் முறை வெட்டியபோது 34 நிமிடம் ஆனது. "உங்க எக்ஸெல் 24 ன்னு சொல்லிச்சே மாமா?" என்று கேட்டார். தரை குலுங்கியதால் அவர் 4 மைலுக்கு மேல் போகவில்லையாம். பி6 இல் 4 போட்டேன். 30.4 வந்தது. இன்னும் மூன்றரை நிமிடம் இடித்தது. பழகாத கை, மரங்களைச் சுற்றி நிறைய வீணாகியிருக்கும். பி7 இல் 80% ஐக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தேன். 72% இல் 33.8 வந்தது. அதை அப்படியே வைத்து சேவ் செய்துவிட்டு ஊர் திரும்பினேன்.