அடுத்தடுத்து ரெண்டு ஈத்தா? முயல் பிசினஸில் பெயர் கெடாமல் சமாளியுங்கள்

ஆபீஸ் வேலையோடு சைடு பிசினஸாக முயல் வளர்க்கிறவர்கள் தடுமாறும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு ஜோடி வாங்கி ஒரே கூண்டில் விடுவார்கள். முதல் ஈத்தில் 6 குட்டி, எல்லாம் ஹேப்பி. சரியாக ஒரு மாதத்தில், எதிர்பார்க்காத இரண்டாவது ஈத்து. கூண்டு பத்தாது, தீவனத்துக்குக் காசு பத்தாது, வாங்க ஆளும் இருக்காது. பாதி விலைக்குத் தள்ளிவிட்டால் குட்டியோடு சேர்ந்து உங்கள் ரேட்டும் இறங்கிவிடும். பக்கத்து ஏரியாவில் இதே தொழில் செய்கிறவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார்.

முதலில் அடிப்படை. முயலுக்கு ஆடு, மாடு மாதிரிப் பருவச் சுழற்சி கிடையாது. இணை சேர்ந்த பிறகு, சுமார் 10 மணி நேரத்தில்தான் கருமுட்டை வெளிவரும். குட்டி போட்ட அன்றே மறுபடி சினை பிடிக்கும். சினைக்காலம் ஏறக்குறைய 31 நாள். ஆக, குட்டி போட்ட அன்று ஆண் முயல் கூட இருந்திருந்தால் அந்தத் தேதியோடு 31-ஐக் கூட்டுங்கள். உங்கள் அடுத்த டெட்லைன் அது.

1. ஆணை இன்றே பிரியுங்கள். தனிக் கூண்டு போதாது. கம்பியும் கம்பியும் ஒட்டாத இடைவெளி வேண்டும். கருத்தடை ஆபரேஷன் முடிந்த ஆணையும் 4 முதல் 6 வாரம் தள்ளியே வையுங்கள். அதுவரை அதற்குச் சினைப்படுத்தும் திறன் மிச்சமிருக்கலாம்.

2. கன்ஃபர்ம் செய்யுங்கள். சேர்ந்த 12-14 நாளில் கால்நடை மருத்துவர் அடிவயிற்றைத் தடவிப் பார்ப்பார். கரு சின்னக் கோலிக்குண்டு மாதிரி விரலில் உருளும். கூட நின்று கற்றுக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் காசு தரும் ஸ்கில் இது. ஆனால் பழகாத கையோடு நீங்களே அழுத்திப் பார்க்க வேண்டாம், கரு கலைந்துவிடும்.

3. 28-ஆம் நாளை காலண்டரில் வட்டமிடுங்கள். அன்று இரண்டு வேலை. பெரிய குட்டிகளை வேறு கூண்டுக்கு மாற்ற வேண்டும். தாய்க்கு வைக்கோல் போட்ட புதுப் பெட்டி வைக்க வேண்டும். சாதாரணமாக 6 வாரம் வரை தாயோடு விடலாம். இங்கே அந்த வசதி இல்லை. விட்டால் பெரியவை புதுக் குட்டிகளை மிதிக்கும், அவற்றின் பாலையும் குடித்துவிடும். நாலு வாரக் குட்டி தீவனம் கொறிக்கப் பழகியிருக்கும், சமாளித்துக்கொள்ளும்.

4. தினமும் காலையில் பெட்டியைப் பாருங்கள். தாய் தன் நெஞ்சு ரோமத்தைப் பிடுங்கிப் போட்டிருக்கும். அதை மெதுவாக விலக்கினால் முடியில்லாத, கண் திறக்காத குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். வயிறு உருண்டு, தோல் இழுத்துக் கட்டினாற்போல் இருந்தால் பால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கியிருந்தால் பட்டினி. தாய் பக்கத்திலேயே உட்காரவில்லை என்று பதற வேண்டாம்; ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை, சில நிமிடம்தான் பால் கொடுக்கும். பால் பத்தாத குட்டியை, இரண்டு மூன்று நாள் வித்தியாசத்தில் ஈன்ற இன்னொரு தாயிடம் சேர்க்கலாம். செத்த குட்டியை உடனே எடுத்துவிடுங்கள்.

5. தாய்க்கு முழுச் சாப்பாடு. ஒரு ஈத்துக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்ததைச் சுமந்த உடம்பு அது. தீவனத்தில் கணக்குப் பார்க்காதீர்கள். பசுந்தீவனமும் தண்ணீரும் எந்நேரமும் இருக்கட்டும். மடி சூடாக, கல் மாதிரி இறுகியிருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

6. குட்டிகளை 10 வாரத்துக்குள் ஆண், பெண் பார்த்துப் பிரியுங்கள். தவறினால் மூன்றாவது ஈத்து தங்கச்சியிடமிருந்து வரும். "ரெண்டும் பெண்" என்று தப்பாகச் சொல்லி விற்கிறவர்தான் வாடிக்கையாளர் வீட்டிலும் இதே சிக்கலைக் கிளப்புகிறார். சரியாகச் சொல்கிறவருக்கு ரெஃபரல் தானாக வரும்.

7. விற்பனையில் அவசரம் வேண்டாம். 8 வாரம் முடியட்டும். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, சாப்பிடும் தீவனம் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். ஒரு வாரத்துக்கான பழைய தீவனமும் சேர்த்துக் கொடுங்கள். திடீரெனத் தீவனம் மாறினால் குட்டிக்கு வயிற்றுப்போக்கு வரும். அது செத்தால் பழி உங்கள் மேல்தான்.

இரண்டாவது ஈத்து முடிந்ததும் தாய்க்கு ஓய்வு கொடுங்கள். குட்டிகள் பால் மறந்து, இளைத்த உடம்பு தேறிய பிறகுதான் அடுத்த சேர்க்கை. இனி ஈத்தே வேண்டாம் என்றால் கருத்தடை ஆபரேஷன் நல்லது. வயதான பெண் முயல்களுக்குப் பரவலாக வரும் கருப்பைப் புற்றுநோயையும் அது தடுக்கும்.

முறையாகக் கற்க விரும்பினால், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையங்களில் முயல் வளர்ப்பு சொல்லித் தருகிறார்கள். உங்களுக்குப் பக்கத்து மையத்துக்கு போன் போட்டு, அடுத்த பேட்ச் எப்போது என்று இந்த வாரமே கேளுங்கள்.