தை, மாசி இரவுகளில் வானம் பார்ப்போர்க்கு

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தார்க்குப் பருவகால ஆலோசனை

ஐப்பசி தொடங்கி மேகம் கவிந்தும், மார்கழியில் பனி மூடியும் இருந்த நம் வானம், வடகிழக்குப் பருவமழை விடைபெற்ற பின் மெல்லத் துலங்கி, பங்குனி வெயில் புழுதியை எழுப்பும் வரையில் ஏறத்தாழ இரண்டு மாத காலம் நிர்மலமாகக் காட்சியளிக்கிறது. ஆளுயரம் வளர்ந்து நாற்புறமும் பார்வையை மறைத்து நின்ற மக்காச்சோளம் அறுவடையாகிக் கரிசல் பூமி அடிவானம் வரையில் திறந்து கிடப்பதும் இக்காலத்தில்தான். நம் நிலத்தை வானம் பார்த்த பூமி என்று சொல்லிச் சொல்லி, மழை ஒன்றுக்காகவே அண்ணாந்து பார்த்துப் பழகிய நாம், கேட்பதற்கு எதுவுமில்லாமல் அந்த வானத்தை அதன் பொருட்டே பார்ப்பதற்கு ஏற்ற பருவம் இது. அதற்கு மலையுச்சியோ தூர தேசமோ வேண்டியதில்லை. விளக்கொளி எட்டாத ஒரு களத்துமேடு போதும்.

நாள் குறித்தல்

முதலில் பஞ்சாங்கத்தைப் பார்த்து நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் சந்திரப் பிரகாசமே சிறு நட்சத்திரங்களை விழுங்கிவிடும். தேய்பிறை அஷ்டமி முதல் அமாவாசையைக் கடந்து வளர்பிறைத் திருதியை வரையிலான நாட்களில் முன்னிரவு இருண்டிருக்கும். அவற்றுள் தை அமாவாசையும் மாசி அமாவாசையும் தலைசிறந்தவை. மகா சிவராத்திரியன்று விடியலுக்குச் சற்று முன்னரே சந்திரன் எழுவதால் இரவு முழுவதும் இருளே நிலவும். எப்படியும் கண்விழிக்கப் போகிற குடும்பத்தார், கோயிலில் தரிசனம் முடித்து ஊருக்கு வெளியே ஒரு நாழிகை நின்று பார்த்தால், விழிப்புக்கு இன்னும் ஒரு பலன் கிட்டும். தை மாதத்தில் இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரையில் உத்தமமான வேளை. நள்ளிரவுக்குப் பின் ஏரிக்கரைகளிலும் ஆற்றோரங்களிலும் பனி இறங்கிவிடும்.

இடம் தேர்தல்

பார்க்கப் போகும் இடத்தைப் பகலிலேயே ஒரு முறை சென்று பார்த்து வருவது இன்றியமையாதது. நேர்ப்பார்வையில் எந்த விளக்கும் படாதிருத்தல், தென்திசை திறந்திருத்தல், வண்டி நிறுத்தப் போக்குவரத்தற்ற ஓரிடம் இருத்தல் ஆகிய மூன்றையும் கவனியுங்கள். திருச்சி–சென்னை நெடுஞ்சாலை, பெரம்பலூர் நகரம், அரியலூரைச் சூழ்ந்த சிமெண்டு ஆலைகள், எறையூர்ச் சர்க்கரை ஆலை, வடக்கே நெய்வேலி ஆகியவற்றின் ஒளி வானத்தில் ஏறி நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். அவற்றிலிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அவ்வளவுக்கு நட்சத்திரங்கள் பெருகும்.

ரஞ்சன்குடிக் கோட்டையை ஒட்டிய வெளி எளிதில் சேரக்கூடியதாயினும், நெடுஞ்சாலை அண்மையில் இருப்பதால் முதல் முறை பார்ப்பவர்க்கும் சிறுவர்க்குமே ஏற்றது. கோட்டைக்குள் மாலைக்குப் பின் அனுமதியில்லை. வேப்பந்தட்டை வட்டத்தில், பச்சைமலைக்கும் செம்மலைக்கும் இடையே அமைந்த விசுவக்குடி நீர்த்தேக்கத்தின் கீழ்ப்புறத்து வயல்வெளி அதனினும் சிறந்தது. மேற்கே மலை சுவராக நின்று அத்திசை வெளிச்சத்தைத் தடுக்கும். மேற்கில் சாயும் நட்சத்திரங்கள் சற்று முன்னதாக மறைவது அதற்குக் கொடுக்கும் விலை. அணையின் மேலும் காப்புக் காட்டுக்குள்ளும் இரவில் நுழையாமல், தெரிந்தவர் நிலத்தில் கேட்டுக்கொண்டு நில்லுங்கள்.

நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே உள்ளடங்கிய சாத்தனூர், காரை, கொளக்காநத்தம் பகுதியை யான் சிறப்பாகப் பரிந்துரைக்கிறேன். ஆதிகாலத்தில் கடல் கொண்டிருந்த அந்நிலத்தில், பதினெட்டு மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாகிக் கிடப்பதை 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார். அதன் வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு. தை மாதத்து முன்னிரவில் அதற்கு நேர் மேலே உச்சிவானில் நிற்கும் கார்த்திகைக் கூட்டமும் பிறந்து ஏறத்தாழ 10 முதல் 12 கோடி ஆண்டுகளே ஆகின்றன என்று வானநூலார் கணித்திருக்கின்றனர். நாம் பழமைக்கு எல்லையாக எண்ணும் அக்கல்மரமும், ஆதியிலிருந்தே அங்கு இருப்பதாக எண்ணும் அம்மீன் கூட்டமும் ஏறக்குறைய ஒத்த வயதினர் என்பதைப் பகலில் சாத்தனூர்க் கல்மரப் பூங்காவில் மரத்தைப் பார்த்துவிட்டு, இருட்டியபின் வெளியே வந்து மேலே பார்க்கும்போது உணரும் ஒருவர், அந்த இரவை எளிதில் மறக்கமாட்டார். காரைப் பகுதியில் மழைநீர் அரித்த ஓடைகளும் பள்ளங்களும் மிகுதியாதலால் சாலையோரத்தை விட்டு இருளில் நடவாதீர்கள்.

கிழக்கே செல்வோர்க்குக் கங்கைகொண்ட சோழபுரத்துச் சோழகங்கக் கரை இருக்கிறது. வடக்கே நெய்வேலியும் தெற்கே கும்பகோணமும் அடிவானத்தில் ஒளிர்ந்தாலும், உச்சிவானம் இன்னும் இருண்டதே. இராஜேந்திரன் கங்கை நீர் கொண்டுவந்த வெற்றியின் நினைவாக வெட்டிய ஏரிக் கரையில் நின்று, மேலே ஆகாய கங்கை மங்கலாக ஓடுவதைக் காண்பது ஒரு பாக்கியம். கரைவெட்டிக்கு மட்டும் இரவில் போகவேண்டாம். 2024இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அந்த ஏரியில், இமயம் தாண்டி வந்த வரித்தலை வாத்துகள் தங்கும் காலம் இது. பறவைகளுக்கும் இருள் வேண்டும்.

காணவேண்டியவை

இடத்தின் தரத்தை அளக்கக் கருவி தேவையில்லை, கார்த்திகையை எண்ணுங்கள். நான்கு மீனே தெரிந்தால் வேறிடம் தேடுங்கள். ஆறு தெரிந்தால் நல்ல இடம். ஏழு, எட்டு என்று பிரித்தறிய முடிந்தால் அவ்விடத்தை உற்றாருக்கும் சொல்லுங்கள். அடுத்துக் கிழக்கே ரோகிணி செந்நிறத்திலும், அதற்கும் கிழக்கே திருவாதிரை செம்மையாகவும் தோன்றும். திருவாதிரைக்கு எதிர்மூலையில், மூன்று மீன் வரிசைக்கு அப்பால் நீலவெண்மையாக ஒளிரும் ரைஜல் ஏறத்தாழ 860 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இன்று நம் கண்ணை எட்டும் அதன் ஒளி புறப்பட்டபோது கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழர் அரசு வீற்றிருந்தனர்.

பின்னர்த் தெற்கே திரும்புங்கள். ஏறத்தாழ 11 பாகை வட அட்சரேகையில் வாழும் நமக்கு, லண்டனிலும் பாரிசிலும் உள்ளவர் ஒருபோதும் காண இயலாத தென்வானம் வாய்த்திருக்கிறது. அகத்தியர் என்று நம் முன்னோர் பெயரிட்ட பெருமீன், தையில் இரவு பதினொரு மணியளவிலும் மாசியில் ஒன்பது மணியளவிலும் தெற்கே உச்சம் பெறும். மாசிப் பின்னிரவில், இரண்டு மூன்று மணிக்கு விழித்திருப்போர் தென் சிலுவை என்னும் கூட்டத்தையும் தாழ்வாகக் காணலாம். வடக்கே அடிவானத்துக்கு மேல், நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்தில் துருவன் நிற்கும். மாசியில் பத்து மணிக்கு மேல் வடகிழக்கில் ஏறும் சப்தரிஷி மண்டலத்தில் வசிஷ்டர் அருகே அருந்ததியைத் தேடுங்கள். மணமேடையில் பகலில் கை காட்டிய திசையோடு நின்றுவிட்ட தம்பதியர், அவ்விருவரையும் இப்போதேனும் மெய்யாகக் கண்டு மகிழலாம்.

எடுத்துச் செல்லவேண்டியவையும் ஜாக்கிரதைகளும்

கண் இருளுக்கு முழுதும் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். கைப்பேசியை ஒரு முறை பார்த்தாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஆகவே கைவிளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். பெரும் தொலைநோக்கி வாங்க அவசரப்படாதீர்கள். சாதாரண இருகண் தொலைநோக்கியே கார்த்திகையில் பல மடங்கு மீன்களைக் காட்டும்.

நம் மானாவாரி நிலங்களில் சுற்றுச்சுவரில்லாப் பெருங்கிணறுகள் பல. பகலிலேயே அவற்றின் இடத்தை அறிந்து, இருட்டியபின் நின்ற இடத்தை விட்டு நகராதிருங்கள். காட்டுப்பன்றிக்கு அஞ்சிச் சட்டத்துக்கு மாறாக மின்வேலி இடுவோரும் உண்டு; நில உரிமையாளரைக் கேளாமல் எந்த வயலிலும் கால் வைக்காதீர்கள். சாலையில் உலர்த்திய மக்காச்சோளமும், அதைச் சுற்றி வைத்த கற்களும் இருசக்கர வண்டிக்கு எமன். கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் சுரங்கக் குழிகளின் அருகே செல்லவே வேண்டாம். அறுவடைத் தாளில் கண்ணாடி விரியனும், இரவில் கட்டுவிரியனும் நடமாடுமாதலால், தரையில் பாய் விரிக்காமல் கயிற்றுக் கட்டிலில் சாயுங்கள். காலுக்கு மூடிய செருப்பு அணியுங்கள். கடி நேர்ந்தால் மந்திரிப்பவரிடம் காலம் போக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள்.

ஊரார் செய்யவேண்டியது

இருள் என்பது ஏரியைப் போல் ஊர்ப் பொதுச் சொத்து. ஒருவர் மடையை உடைத்தால் அனைவர்க்கும் நஷ்டம். விஞ்ஞானி வைணு பாப்பு ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வகம் அமைத்ததும் அவ்விடத்து இருளை நம்பியே. லடாக்கின் ஹன்லேயில் 2022இல் இருண்ட வானத்துக்கே ஒரு காப்பகம் அறிவித்து, ஊர்மக்களையே வழிகாட்டிகளாகப் பழக்கியிருக்கின்றனர். நாம் அவ்வளவு செய்ய இயலாவிட்டாலும், நம் வீட்டு வாசல் விளக்குக்கு ஒரு மூடி இட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பலாம். களத்து விளக்கை வேலை முடிந்ததும் அணைக்கலாம். தெருவிளக்கு மாற்றும்போது மேல்நோக்கி ஒளி சிந்தாத வகையைப் பொருத்துமாறு கிராம சபையில் கேட்கலாம். வழிக்கு வேண்டிய ஒளி இதனால் குறையாது, மின்கட்டணமே குறையும்.

வரும் அமாவாசையன்று வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு களத்துமேட்டுக்குச் செல்லுங்கள். விளக்கை அணைத்து அரைமணி நேரம் பொறுத்திருந்து, கார்த்திகையில் எத்தனை மீன் தெரிகிறதென்று அவர்களையே எண்ணச் சொல்லி, அந்த எண்ணிக்கையைத் தேதியோடு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் அந்த எண் குறையாதிருக்கும்படி பார்த்துக்கொள்வது நம் கடமை.