டப்பா மாறினால் சோறு மாறுமா?

எங்க அப்பா ஓட்டுற வேனில் முன்பக்கம் ஒரு கேமரா உண்டு. போன மாதம் ஒரு கார் வேனை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. கேமராவில் அதன் நம்பர் பதிவாகியிருந்தது. ஆனால் அந்த டிஎஸ் ஃபைலை எடிட்டிங் சாப்ட்வேர் திறக்கவே இல்லை!

கம்ப்யூட்டர் டீச்சர் சொன்னாங்க: "டிஎஸ், எம்பி4 எல்லாம் வெறும் டப்பா. உள்ளே இருக்கும் சோறுதான் படம். இதில் அது எச்.264 முறையில் இருக்கு."

எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச சாப்ட்வேரில் 'காப்பி' முறையில் டப்பாவை மட்டும் எம்பி4 ஆக மாற்றினோம். ஃபைல் திறந்தது. நம்பரும் மங்கவில்லை. படத்தையே மறுபடி சுருக்கியிருந்தால் தெளிவு குறைந்திருக்கும்.

நினைவில் வையுங்கள்: கார்டு நிறைந்தால் கேமரா பழைய பதிவை அழித்துவிடும். உடனே நகல் எடுங்க. மூல ஃபைலைத் தொடாதீங்க, அதுதான் சாட்சி!

– 9ஆம் வகுப்பு மாணவி