உறியில் தொங்கும் நாற்றங்கால்



வீட்டுத் தோட்டம் போடணும்னு நம்மில் எல்லாருக்கும் ஆசை உண்டு. விதை வாங்குகிறோம், கொல்லையில் பாத்தி கட்டித் தூவுகிறோம். இரண்டு இலை விட்டதும் கோழி வந்து கிண்டிவிடுகிறது. கோழி விட்டதை ஆடு மேய்கிறது. மிச்சத்தை மழை அடித்துக்கொண்டு போகிறது. "நமக்குத் தோட்டம் ராசியில்லை" என்று அத்தோடு விட்டுவிடுகிறோம்.

ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தக்காளி, கத்தரி, மிளகாய்ச் செடிகளுக்கு நாற்றுப் பருவம்தான் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் செடி தாக்குப் பிடித்துக்கொள்ளும். தயிர்ப்பானை பூனைக்கு எட்டாமல் இருக்க நம் பாட்டிமார் உறி கட்டினார்கள். அதே உறியில் நாற்றையும் வளர்க்கலாம். அதுதான் இந்த மாதப் பாடம்.

ஏன் இவ்வளவு சொல்கிறோம்? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்று சொல்லியிருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 2 கிலோ! சந்தையில் வாங்கிக் கட்டுப்படியாகுமா? இருக்கிற காயைப் பிள்ளைகளுக்கும் வீட்டுக்காரருக்கும் போட்டுவிட்டு, கடைசியில் சாப்பிடுகிற நமக்கு வெறும் குழம்புதானே மிஞ்சுது? கொல்லையில் நாலு செடி காய்த்தால் நம் தட்டிலும் காய் விழும்.

எதை உறியில் வளர்க்கலாம்?

தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் நாற்று விட்டுப் பிடுங்கி நடும் செடிகள். இவற்றுக்கு உறி ஏற்றது.

வெண்டை, கொத்தவரை, அவரை, முள்ளங்கி ஆகியவற்றை நேராக மண்ணில் ஊன்றுங்கள். பிடுங்கி நட்டால் சரியாக வராது.

சுரை, பீர்க்கு, பாகல் கொடிகளுக்கு வேர் அசையக் கூடாது. பால் கவரில் மண் நிரப்பி, அடியில் ஓட்டை போட்டு, கவருக்கு ஒரு விதை ஊன்றி, கவர்களைக் கூடைக்குள் அடுக்கித் தொங்கவிடுங்கள். 15 நாளில் கவரைக் கிழித்து மண்கட்டியோடு நடலாம்.

கூடை தயாரிப்பது எப்படி?

1. ஒரு அடி அகலமுள்ள மூங்கில் கூடை, உடைந்த பிளாஸ்டிக் வாளி, பழைய பேசின் எதுவானாலும் சரி. மண் 5 அங்குல உயரம் நின்றால் போதும்.

2. வாளி, பேசினாக இருந்தால் அடியில் ஏழெட்டு ஓட்டை போடுங்கள். மூங்கில் கூடையாக இருந்தால் உள்ளே பழைய சாக்கை விரியுங்கள். தண்ணீர் வடியும், மண் கொட்டாது.

3. செம்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்து சலித்துக்கொள்ளுங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், நாற்று கருகிவிடும். மணலுக்குப் பதில் மக்கிய தென்னை நார்க்கழிவு போட்டால் கூடை கனக்காது.

4. ஈர மண் நிரம்பிய கூடை பத்துக் கிலோவுக்கு மேல் இருக்கும். உறுதியான கயிற்றை மூன்று பக்கமும் கட்டி, விட்டத்திலோ மரக்கிளையிலோ தொங்கவிடுங்கள். தொட்டிலுக்கு மேலே, நடைபாதைக்கு மேலே கட்டவே கூடாது.

5. நம் நெஞ்சு உயரத்தில் தொங்கட்டும். அப்போதுதான் தினமும் கண்ணில் படும். பக்கத்தில் கோழி ஏறி உட்காரத் திண்ணையோ திட்டோ இருக்கக் கூடாது.

6. காலை வெயில் விழும் இடம் வேண்டும். இருட்டில் தொங்கவிட்டால் நாற்று நூல் மாதிரி நெட்டையாகப் போய்ச் சாய்ந்துவிடும். கூரையிலிருந்து மழைத்தண்ணீர் கொட்டும் இடத்தையும் தவிர்க்கவும்.

விதைப்பதும் கவனிப்பதும்

ஒரு கூடைக்கு 40 விதை போதும். இரண்டு அங்குல இடைவெளியில் விரலால் கோடு கிழித்து, அரை விரற்கடை ஆழத்தில் விதையைத் தனித்தனியாகப் போட்டு மெல்ல மூடுங்கள். அள்ளித் தூவ வேண்டாம். முளைக்கும் வரை ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். தக்காளி ஒரு வாரத்தில் முளைக்கும், கத்தரியும் மிளகாயும் பத்து நாள் வரை எடுக்கும். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும்.

காற்றில் தொங்குவதால் கூடை மண் சீக்கிரம் காயும். காலையும் மாலையும் விரலை மண்ணில் வைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் பூவாளியால் தெளியுங்கள். செம்பால் ஊற்றினால் நாற்று சாய்ந்துவிடும்.

எறும்பு ஏறினால் வேப்பெண்ணெயில் நனைத்த துணியைக் கயிற்றில் சுற்றுங்கள்.

நேற்று நன்றாக இருந்த நாற்று இன்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்து கிடந்தால், அது நாற்றழுகல் நோய். திருஷ்டி இல்லை, மண்ணில் உள்ள பூஞ்சணம். நெருக்கமாக விதைப்பதும் தண்ணீர் தேங்குவதும்தான் அதை வளர்த்துவிடுகிறது. இதற்கு வருமுன் காப்பதே வழி. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்பது கணக்கு. நம்முடைய சிறு பொட்டலத்துக்கு ஒரு சிட்டிகையே அதிகம். விதையோடு கலந்து போடுங்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுப் பாருங்கள்.

கவனம்: கடை விதை சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் ஏறியிருந்தால் ஏற்கனவே மருந்து கலந்தது. பிள்ளைகள் கையில் படாமல் வைத்து, விதைத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

எப்போது நடலாம்?

தக்காளி: 25 நாள்
கத்தரி: 30 முதல் 35 நாள்
மிளகாய்: 40 முதல் 45 நாள்

நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே தண்ணீரைக் கொஞ்சம் குறைத்து, வெயிலைக் கொஞ்சம் கூட்டுங்கள். நாற்று கெட்டிப்படும். நடும் அன்று கூடையை நனைத்து, வேரறாமல் எடுத்து, சாயங்காலம் நட்டு உடனே தண்ணீர் விடுங்கள். முதல் பத்து நாளைக்குச் சுற்றி முள் வையுங்கள்.

குழுவாகச் செய்தால் என்ன லாபம்?

10 கிராம் தக்காளி விதைப் பொட்டலத்தில் ஏறக்குறைய 3000 விதை இருக்கும். ஒரு வீட்டுக்கு வேண்டியது பத்துச் செடி. தனியாக வாங்கினால் மிச்சமெல்லாம் வீண். அதையே பன்னிரண்டு பேர் உள்ள குழு வாங்கினால்?

நாலு பேர் மிளகாய், நாலு பேர் கத்தரி, நாலு பேர் தக்காளி என்று கூடை கட்டுங்கள். முதலில் மிளகாய் விதைக்கணும். பத்து நாள் கழித்துக் கத்தரி. அதிலிருந்து ஒரு வாரம் கழித்துத் தக்காளி. மூன்றும் ஒரே வாரத்தில் நடவுக்கு வரும். 40 விதையில் 30 தேறினாலும், நாலு கூடைக்கு 120 நாற்று. ஆளுக்குப் பத்துத் தக்காளி, பத்துக் கத்தரி, பத்து மிளகாய்!

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஒருத்தி கூடை அழுகிப்போனாலும் அவள் கொல்லை வெறுமையாக நிற்காது. மற்ற மூன்று பேர் கூடையிலிருந்து பங்கு வரும். ஒருத்திக்குக் கஷ்டம் வந்தால் எல்லாரும் தாங்குவதுதானே நம் குழு? சேமிப்பில் செய்வதை நாற்றிலும் செய்வோம்.

மிஞ்சிய விதையை ஈரம் படாமல் இறுக மூடிய டப்பாவில் வைத்தால் அடுத்த பட்டத்துக்கு ஆகும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பேச வேண்டியவை:

- நம் குழுவில் கொல்லை உள்ளவர்கள் எத்தனை பேர்? இடமில்லாத உறுப்பினர் யார் யார்? அவர்களுக்குக் கூடை வளர்க்கும் பொறுப்பைக் கொடுத்து, காயில் பங்கு தரலாமா?
- யார் எந்தக் கூடை? விதைக்கும் தேதி என்ன?
- விதை வாங்கும் செலவு குழுப் பொதுநிதியிலா, ஆளுக்குப் பங்கா?

முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். நடவு முடிந்ததும் எத்தனை நாற்று தேறியது என்று கூட்டமைப்புக்குத் தெரிவியுங்கள், பக்கத்து ஊர்க் குழுக்களுக்கும் சொல்லுவோம்.